கூடாமற் கூடிய ஓவியக் குழுக்கள்

கலை தனிமையிற் பிறப்பது என்பர். தூரிகை ஒருவர் கையிலேயே இயங்குவதாதலின் அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், தொழிலாகக் கொள்ளாது விருப்பத்தால் மட்டுமே ஓவியம் தீட்டுவோரைப் பொறுத்தவரை, தீட்டுதல் பாதி. தீட்டியதை அறிந்தோர் முன் வைத்தல் மறுபாதி. விற்பனையும் விருதும் அவருட் பெரும்பாலார்க்கு இல்லை. 'சென்ற முறையினும் இம்முறை நன்று' எனக் கூறும் ஒரு நண்பரின் கண்ணே அவர்க்குப் பரிசில். அக்கண் மறைந்தால் சில கிழமைகளிலேயே தூரிகை உலர்ந்துவிடும்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் வந்த ஊரடங்கு இம்மறுபாதியைத்தான் பறித்தது. பிரித்தானியாவின் சிற்றூர் ஓவியக் கழகங்கள் அவ்விடுக்கணை எவ்வாறு கடந்தன என்பதை ஈண்டு ஆராய்வோம். அந்நாட்டில் இத்தகைய கழகங்கள் ஊர்கள் பலவற்றில் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. அக்காலக் கட்டுப்பாடுகளும் நாள்வாரியாகப் பதிவாகியுள்ளன. எனவே இவ்வாராய்ச்சிக்கு அந்நாடு பொருந்துவதாயிற்று.

கழகத்தின் இயல்பு

ஓர் ஊர்ப்புற ஓவியக் கழகம் என்பது பெரும்பாலும் சொந்தக் கட்டடம் இல்லாதது. ஊர்ப் பொது மண்டபத்தையோ தேவாலயக் கூடத்தையோ வாடகைக்கு எடுத்து, கிழமைக்கொரு முறையோ திங்களுக்கொரு முறையோ கூடுவது. வெளியூர் ஓவியர் ஒருவர் வந்து செய்து காட்டும் மாலை ஒன்று, உறுப்பினர் தம் படங்களைத் தாங்கியில் நிறுத்திக் கருத்துக் கேட்கும் திறனாய்வு மாலை ஒன்று, ஆண்டுக்கொரு கண்காட்சி. இவையே அதன் நிகழ்ச்சிகள். சந்தாவே வருவாய். செயலாளர், பொருளாளர், முகவரிக் குறிப்பேடு ஆகிய மூன்றுமே அதன் அலுவலகம். நம் ஊர்களின் இலக்கிய வட்டங்களை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. அவ்வட்டங்களிற் போலவே, உண்மையான பாடம் நடப்பது மேடையில் அன்று; தேநீர் இடைவேளையில்தான். 'வானம் சற்றுக் கனத்துவிட்டது' என்னும் சொல் அங்கேதான் பிறக்கிறது.

உறுப்பினருள் பணி ஓய்வு பெற்றோர் மிகுதி. 2020 மார்ச் 16ஆம் நாள், எழுபது அகவை கடந்தோர் பிறருடன் கலத்தலைத் தவிர்க்குமாறு அந்நாட்டரசு அறிவுறுத்தியது. மார்ச் 23ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஆகவே பிறர்க்கு ஒரு கிழமை முன்னரே கழகத்தார் பலர் வீட்டுக்குள் முடங்கினர் எனலாம். மண்டபங்கள் மூடப்பட்டன, கண்காட்சிகள் கைவிடப்பட்டன. இலண்டன் அரச கலைக்கழகம் 1769 முதல் ஓராண்டும் விடாது நடத்திவரும் கோடைக் கண்காட்சிகூட, அவ்வாண்டு அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அரச கலைக்கழகத்திற்குக் கட்டடமும் பணியாளரும் உண்டு. முகவரிக் குறிப்பேடு ஒன்றே உடைய கழகம் என் செய்யும்?

பெருமுயற்சிகளும் சிறு குழுவும்

அக்காலத்தில் மக்களை வரையத் தூண்டிய முயற்சிகள் பல. ஓவியர் கிரேசன் பெர்ரி 2020 ஏப்ரல் 27 முதல் சேனல் 4 தொலைக்காட்சியில் 'கலை மன்றம்' ஒன்றை நடத்தினார். உருவப்படம், விலங்குகள், சன்னலிற் காணும் காட்சி எனக் கிழமைக்கொரு பொருள் தந்து, மக்கள் அனுப்பிய படைப்புகளைக் காட்டினார். அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம், புகழ்பெற்ற ஓவியங்களை வீட்டுப் பொருள்களைக் கொண்டு நடித்துக் காட்டுமாறு அழைத்தது. போர்வையும் தட்டும் வடிகட்டியும் கொண்டு உலகெங்கும் மக்கள் அதனைச் செய்து மகிழ்ந்தனர். நார்மண்டியில் இருந்த முதுபெரும் ஓவியர் டேவிட் ஹாக்னி, இளவேனிலின் வரவை ஐபேடில் நாடோறும் தீட்டி நண்பர்க்கு அனுப்பிவந்தார்.

இவை போற்றத்தக்கனவே. எனினும் இவை குழுவைக் காத்தன என்று கூறுதற்கில்லை என்பது நம் கருத்து. ஆயிரக்கணக்கானோர் அனுப்பச் சிலருடையவே திரையில் தோன்றும். அனுப்பியவரைக் காட்டுபவர் அறியார். அவர் சென்ற திங்கள் வரைந்த மரம் எத்தகையது என்பதையும் அறியார். ஊர்க் கழகத்தின் தனிச்சிறப்போ அவ்வறிவேயாம். ஹாக்னி முதலில் நாடியது நண்பர் கண்களையே என்பது இங்கு எண்ணத்தக்கது.

கழகங்கள் கைக்கொண்ட வழிகளுள் எளியது, திங்களுக்கொரு பொருளை அறிவித்து, வரைந்தவற்றை மின்னஞ்சல் மடலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ பகிர்தல். தொடக்கத்தில் இது தழைக்கும், பின்னர்த் தளரும். காரணம் யாது? நேரிற் குறை கூறும்பொழுது முகமும் குரலும் அக்குறையின் கூர்மையைக் குறைக்கின்றன. எழுத்தில் அவ்வுதவி இல்லாமையால், எவரையும் புண்படுத்த அஞ்சி எல்லாரும் 'அருமை' என்றே எழுதுவர். பத்துப் படத்திற்கும் 'அருமை' என்றால், பதினோராவது படத்தை வரைய வேண்டிய தேவை என்ன? கட்டை விரலைக் காட்டும் ஒரு சிறு குறி தேநீர்க் கோப்பையின் இடத்தை நிரப்பாது.

ஒரு பழைய கோப்பு

இச்சிக்கலுக்கு விடை பழமையில் உண்டு. 1848ஆம் ஆண்டளவில் இலண்டனில் சைக்ளோகிராபிக் கழகம் என்னும் இளம் ஓவியர் குழு ஒன்று இருந்தது. உறுப்பினர் ஒருவர் தம் வரைவைக் கோப்பொன்றில் வைப்பார். அக்கோப்பு ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் செல்லும். ஒவ்வொருவரும் உடனிருக்கும் தாளில் தம் திறனாய்வை எழுதியாக வேண்டும். ரோசெட்டி, மில்லே, ஹோல்மன் ஹண்ட் ஆகியோர் அதில் இருந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் பிரி-ராபேலைட் குழுவைத் தோற்றுவித்தவருள் இம்மூவரும் அடங்குவர். பிற்காலப் புகைப்பட ஆர்வலரும் இம்முறையைப் பின்பற்றி அஞ்சல்வழிச் சுற்றுக்கோப்புகளை நடத்தினர். கோப்பு வந்ததும் தம் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, ஏனையோர் படங்கள் பற்றி எழுதி, அடுத்தவர்க்கு அனுப்புவர்.

இங்கு உற்றுநோக்கத்தக்கது 'எழுதியாக வேண்டும்' என்னும் கடப்பாடு. விரும்பினால் எழுதலாம் என்றிருந்தால் புகழ்ச்சியே எஞ்சும். முறை வைத்து எழுதும்பொழுது குறை கூறுதலும் கடமையாகிறது. அதனால் அது பகையாவதில்லை.

தொலைவிலிருந்து கலை பயில இயலுமா என ஐயுறுவோர்க்குச் சான்றாக எழுத்தணிக்கலையினின்று ஒன்றைக் காட்டலாம். கலிபோர்னியாவில் 1942இல் பிறந்த முகம்மது ஜக்கரியா, 1984 முதல் இஸ்தான்புல் ஆசான் ஹசன் செலெபியிடம் பயின்றார். இடையில் ஒரு பெருங்கடல். பயிற்சித் தாள்கள் அஞ்சலிற் சென்று ஆசானின் திருத்தங்களோடு மீண்டன. 1988இல் அவர் 'இஜாஸா' என்னும் ஆசானின் ஒப்புதலைப் பெற்றார். பின்னர் 2001இல் அமெரிக்க அரசு வெளியிட்ட ஈத் வாழ்த்து அஞ்சல்தலையை எழுத்தால் அணிசெய்தவரும் அவரே. அஞ்சலிற் கற்றவரின் எழுத்து அஞ்சல்தலையிலேயே ஏறியது இனியதோர் ஒற்றுமை.

திரையின் வழியே

ஜூம் வழிக் கூட்டம் கழகங்கள் பலவற்றிற்குக் கைகொடுத்தது. செய்முறை விளக்கத்தில் அதற்கொரு நன்மையும் இருந்தது. மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பவர்க்குச் செய்பவரின் முதுகே தெரியும். கைக்கு நேர்மேலே பொருத்திய படக்கருவியிலோ, ஈரத்தாளில் வண்ணம் பரவுவது எல்லார்க்கும் ஒன்றுபோல் தெரியும். கட்டணமில்லாச் சேவையில் குழுக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் துண்டிக்கப்படும் என்பது குறையாகக் கூறப்பட்டது. விரைவு வரைவுப் பயிற்சிக்கு அவ்வெல்லை தக்கதே என்பது நம் எண்ணம்.

திறனாய்வில்தான் திரை ஏமாற்றுகிறது. அஞ்சலட்டை அளவினதும் ஆளுயரத்ததும் திரையில் ஒரே அளவின. இரவில் மஞ்சள் விளக்கின்கீழ் எடுத்த நீர்வண்ணப் படத்தில் வெள்ளைத் தாளே பழுப்பாகிவிடும், நீலம் மங்கும், பின் எதைப் பற்றிக் கருத்துக் கூறுவது? பகலில், நேர் வெயில் படாத சன்னல் அருகே, கைப்பேசியைப் படத்திற்கு இணையாகப் பிடித்து எடுத்தலும், அருகில் ஓர் அளவுகோலை வைத்தலும் இதற்கு மாற்று. சிறு செய்திதான், ஆயினும் இதனைக் கருதாத திறனாய்வு, படத்தை விட்டுப் புகைப்படத்தைத் திறனாய்வதாகவே முடியும்.

இணையம் இல்லாதார்

இவ்வளவும் கருவி உடையார்க்கு. கணினியும் திறன்பேசியும் இல்லாத, அல்லது இருந்தும் பழகாத முதியோரின் நிலையே இதில் உயிர்நிலையான வினா. அவர்க்குக் கழகம் நின்றதென்றால், கிழமையில் ஒருவரோடேனும் பேசும் வாய்ப்பு நின்றதென்பதே சிலரளவில் பொருள். இவர்க்குப் பயன்பட்டவை பழைய கருவிகளே. தொலைபேசியில் முறை வைத்து அழைத்தல், அச்சிட்ட செய்தி மடல், அஞ்சலட்டை அளவில் வரைந்து தபாலில் மாற்றிக்கொள்ளல் ஆகியன அவை. அவ்வளவு தாள் சாதாரண உறையில் அடங்கும். ஒரு மாலையில் வரைந்து முடியும். தொலைபேசி அழைப்பும் வெறும் நலன் உசாவலாக அமையாது, 'இக்கிழமை என்ன வரைந்தீர்கள்?' என்னும் வினாவோடு அமைவது நன்று. 'நலமா?' என்பதற்கு 'நலம்' என்ற ஒரு சொல்லோடு உரையாடல் நின்றுவிடும். பின்னைய வினாவிற்கோ விடை சொல்லவேனும் ஒரு கோடு இழுத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2020 சூன் முதல் நாளன்று அறுவர்வரை வெளியிடத்திற் கூட இசைவு கிடைத்தது. வெளியில் அமர்ந்து இயற்கைக் காட்சி தீட்டும் பழக்கம் உடையோர்க்கு இது வாய்ப்பாயிற்று. இடைவெளி விட்டு அமர்தல் அவர்க்குப் புதிதன்று; ஒருவர் காட்சியை ஒருவர் மறையாமல் அமர்வதே அவர் வழக்கம். முப்பதின்மர் கழகம் ஐந்து அறுவராகப் பிரியுங்கால் அறுவரை அவ்வப்பொழுது மாற்றியமைத்தல் வேண்டும். இன்றேல் ஒரு கழகம் ஐந்து கழகங்களாகிவிடும். நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை ஓர் ஊரடங்கும், 2021 சனவரியில் மற்றொன்றும் வந்து இவ்வாய்ப்பையும் மூடின. மார்ச் 29ஆம் நாள் வெளியிடத்தில் அறுவர் மீண்டும் கூடலாயினர். சூலை 19ஆம் நாள் கட்டுப்பாடுகளுட் பெரும்பாலானவை நீங்கின.

மண்டபங்கள் திறந்தபொழுது மற்றொரு சிக்கல் தோன்றியது. நடக்க இயலாமையால் ஊரடங்கிற்கு முன்னரே கழகத்தை விட்டு விலகியிருந்த சிலர், திரைவழிக் கூட்டங்களாலேயே மீண்டு வந்திருந்தனர். எல்லாரும் மண்டபத்திற்குத் திரும்பிய நாளில் அவர் மட்டும் மறுபடியும் வீட்டில் விடப்பட்டனர். இதனை உணர்ந்த கழகங்கள் திங்களில் ஒரு கூட்டத்தைத் திரையிலேயே தொடர்ந்தன. அல்லது மண்டபத்து மேசையின் ஓரத்தில் ஒரு மடிக்கணினியைத் திறந்து வைத்தன. தாங்கியில் நிற்கும் படத்தை அதன் பக்கம் சற்றே திருப்பிக் காட்டுவதற்கென உறுப்பினர் ஒருவரும் அமர்த்தப்பட வேண்டியிருந்தது.