மண்ணின் காவல்

ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலையில் மோதி, வால்பாறையில் பெருமழையைச் சொரிகிறது. மலைத்தொடரைக் கடந்தபின் அக்காற்று ஈரம் இழந்து வறண்டுவிடுகிறது. அவ்வறண்ட காற்றின் வலிமையைத் தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில் காணலாம். தேரி என்பது செம்மணற் பரப்பு.

கடுங்காற்றில் நுண்துகள் வானில் எழும். மணலோ தத்தித் தத்திச் செல்லும். வீழும் ஒவ்வொரு மணியும் வேறு சிலவற்றைக் கிளப்பிவிடும். இங்ஙனம் நகரும் மணல் விளைநிலத்தை மூடும். மேல்மண் பறந்த நிலமோ வளம் குன்றும். ஒரு விரற்கடை மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும்; அதனை இழக்கச் சில கோடைகள் போதும்.

தத்தும் மணலின் பெரும்பகுதி முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. ஆதலின் தாழ்ந்த வேலியும் அதனைத் தடுக்கும். தார்ப் பாலையில், ஜோத்பூரில் 1959ஆம் ஆண்டு முதல் இயங்கும் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையைப் பரப்பியது. காற்றின் திசைக்குக் குறுக்கே முள்வேலி நாட்டுவர். வேலிகளினிடையே புல்லும் மரமும் வளர்ப்பர். தேரியிலும் பனையும் முந்திரியும் மணலைப் பற்றி நிற்கின்றன.

வால்பாறைச் சரிவில் மழையினின்று மண்ணைக் காப்பதும் பசுமைப் போர்வையே. அதனை அழிப்போர் தம் வழித்தோன்றல்களின் உணவையே அழிப்போர் ஆவர்.