பார்க்கும் அலையே பேசினால்

ஒன்பதாம் வகுப்பில் எதிரொலியும் சோனாரும் நடத்தும்போது அலைபேசிக் கோபுரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. ஆறாம் தலைமுறை அலைபேசிக்காக 2023-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஆறு பயன்பாடுகளுள் ஒன்று, தகவல்தொடர்பையும் உணர்தலையும் ஒன்றிணைப்பது. கோபுரத்தின் ஒரே ரேடியோ அலை நம் செய்தியையும் சுமக்கும். வானில் பறக்கும் ட்ரோன் மீது பட்டுத் திரும்பி, அது இருக்கும் இடத்தையும் காட்டும். அலை சென்று திரும்ப 1 மைக்ரோவினாடி ஆனால் ட்ரோன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? ஒளியின் வேகத்தைக் கொடுத்தால் 150 மீட்டர் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். (இரண்டால் வகுக்க மறந்து 300 என்பவர்களும் உண்டு!)

இனிதான் சிக்கல். ட்ரோனைத் தெளிவாக அறிய அதன் மீது வலுவான அலை பட வேண்டும். செய்தியும் அந்த அலையில்தான் இருக்கிறது. கண்காணிக்கப்படும் ட்ரோனே ஒட்டுக்கேட்டால்? வழக்கமாக ஒட்டுக்கேட்பவர் பக்கம் அலை போகாமல் பார்த்துக்கொள்ளலாம். இங்கே நாமே அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

இதை வகுப்பறையில் இரண்டு டார்ச் விளக்குகளால் காட்டலாம். அறையை இருட்டாக்குங்கள். ஒரு மாணவி டார்ச்சை மினுக்கி, எதிரே இருக்கும் தோழிக்குக் குறிப்புச் செய்தி அனுப்பட்டும். அருகில் நிற்கும் ‘ட்ரோன்’ மாணவர் மீதும் அவ்வொளி படுவதால், அவரும் செய்தியைப் படித்துவிடுவார். இப்போது இரண்டாவது டார்ச்சை அவர் முகத்துக்கு நேராக அல்லாமல் சட்டை மீது காட்டி, பொருளின்றி மினுக்குங்கள். அவர் குழம்புவார், ஆனால் அவர் நிற்குமிடம் நமக்கு முன்னைவிட நன்றாகத் தெரியும். பொறியாளர்கள் இதைச் செயற்கை இரைச்சல் என்கிறார்கள். பல ஆண்டெனாக்கள் கொண்ட கோபுரம், உரிய பயனாளர் இருக்கும் திசையில் இரைச்சல் ஏறத்தாழ சுழியாகுமாறும் ட்ரோன் பக்கம் மிகுமாறும் அமைக்கிறது. தான் உருவாக்கிய இரைச்சல் என்பதால் அதன் எதிரொலியைக் கொண்டே தொலைவையும் அளந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆனால், இரைச்சலுக்குச் செலவாகும் திறன் செய்திக்குக் குறையும்.

“கடவுச்சொல் போட்டுப் பூட்டினால் போதாதா?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பூட்டினால் செய்தியின் உள்ளடக்கம் மறையும், அலை மறையாது. வீட்டு வைஃபை அலை அறைக்குள் நடப்பவர் மீது பட்டுச் சிதறுகிறது. வெளியே கருவி வைத்திருப்பவர் செய்தியைத் திறக்காமலேயே, அம்மாற்றத்தைக் கொண்டு உள்ளே ஆள் நடமாட்டம் உண்டா என ஊகிக்க முடியும். இதற்கு வேறு வழி தேவை: அனுப்பும்போதே அலையை வேண்டுமென்றே சிறிது மாற்றி, மாற்றிய முறையை உரிய ஏற்பிக்கு மட்டும் தெரிவிப்பது.