கதவைத் திறந்தால் போதுமா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவையில் கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. காதல் கவிதை எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் மூன்று சொற்களைப் பற்றி ஒரு பாடம் மாதிரி எழுதுகிறேன். பிரித்து ஒதுக்குதல், ஒருங்கிணைத்தல், உள்ளடக்குதல். கேட்பதற்கு ஏதோ அரசாங்க சர்க்குலர் போல இருக்கும். ஆனால் நம் வகுப்பில் ஒரு இடம் காலியாகிப் போனதற்கான காரணம் இந்தச் சொற்களுக்குள்ளேதான் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சொற்களின் பொருள்

இந்த மூன்றுக்கும் முன்னால் இன்னொரு சொல் உண்டு. அது விலக்குதல். "நீ பள்ளிக்கூடத்துக்கே வராதே" என்பது விலக்குதல். "படி, ஆனால் உனக்கு வேறு இடம்" என்பது பிரித்து ஒதுக்குதல். "சரி, இங்கேயே வா. ஆனால் இங்கே எல்லாம் இருக்கிறபடிதான் இருக்கும், நீதான் சமாளிக்க வேண்டும்" என்பது ஒருங்கிணைத்தல். "வா, நீயும் படிக்கிற மாதிரி இந்த இடத்தை மாற்றிக்கொள்கிறோம்" என்பது உள்ளடக்குதல். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2016இல் வெளியிட்ட விளக்கவுரையில் இந்த நான்கையும் இப்படித்தான் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது.

பின்னிரண்டுக்கும் வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. மெக்கானிக்கல் மாணவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். லிமிட்ஸ் அண்டு ஃபிட்ஸ் பாடத்தில் ஹோல் பேசிஸ், ஷாஃப்ட் பேசிஸ் என்று இரண்டு முறை படித்தோம் அல்லவா? துளையின் அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிறபடி ஷாஃப்டைக் கடைவது ஹோல் பேசிஸ். ஷாஃப்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி துளையின் அளவை மாற்றுவது ஷாஃப்ட் பேசிஸ். பட்டறைகளில் பெரும்பாலும் முதல் முறைதான் நடக்கிறது. ஏனென்றால் டிரில்லும் ரீமரும் குறிப்பிட்ட அளவுகளில்தான் கிடைக்கும். ஷாஃப்டை லேத்தில் போட்டு எந்த அளவுக்கும் கடைந்துவிடலாம். செலவு குறைவு.

ஒருங்கிணைத்தல் என்பது ஹோல் பேசிஸ். பள்ளிக்கூடம் மாறாது, பிள்ளைதான் தன்னைத் தேய்த்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். உள்ளடக்குதல் என்பது ஷாஃப்ட் பேசிஸ். இரும்புக்கு முதல் முறை சரி. பிள்ளையை லேத்தில் போட முடியாதே!

வரலாறு சொல்வது

கதவைத் திறந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்களே சாட்சி. 1891இல் பிறந்த அவர் சதாராவில் பள்ளிக்கூடம் போனார். அங்கே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. மூலையில் தனியாக ஒரு கோணிச் சாக்கில் உட்கார வேண்டும். பள்ளியைக் கூட்டுகிறவர்கூட அந்தச் சாக்கைத் தொட மாட்டார். அதனால் தினமும் மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் காலையில் கொண்டு வருவார். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. வகுப்பில் அவருக்கு இடம் இருந்ததா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைப்பது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னது. 1957இல் லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். மாநில ஆளுநரே காவல் படையை வைத்து வழிமறித்தார். கடைசியில் ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்பி, சிப்பாய்கள் சூழ அவர்களை உள்ளே கூட்டிப் போக வேண்டியிருந்தது. உள்ளே போன பிறகும் உதை, எச்சில், வசவு. 1958 மே மாதம் அவர்களில் எர்னஸ்ட் கிரீன் என்பவர் முதல் ஆளாகப் படிப்பை முடித்தார். பட்டமளிப்பில் மற்றவர்களுக்கெல்லாம் கைதட்டல். அவர் பெயரை வாசித்தபோது அரங்கம் அமைதியாகிவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ராணுவத்தால் கதவைத் திறக்க முடிந்தது. கைதட்ட வைக்க முடியவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் கல்வி

இப்போது நம் நாட்டு மாற்றுத்திறனாளிகளின் விஷயத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இங்கே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தனிப் பள்ளிகள் வந்தன. நம் பாளையங்கோட்டையில் இரண்டுமே அந்தக் காலத்தில் தொடங்கியவை. அதற்கு முன் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பே இல்லை. ஆகவே தனிப் பள்ளி என்பது அன்றைக்கு ஒரு பெரிய முன்னேற்றம். இதை மறக்கக்கூடாது.

1974இல் மத்திய அரசு ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சாதாரணப் பள்ளியிலேயே அவர்களைச் சேர்க்க வழி பிறந்தது. 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் 92 நாடுகளின் அரசுகள் கூடி, பிள்ளைக்குத் தக்கபடி பள்ளிதான் மாற வேண்டும் என்று அறிவித்தன. 1995இல் நம் நாட்டில் முதல் சட்டம் வந்தது. 2016இல் வந்த புதிய சட்டம், 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. உயர்கல்வி இடங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்றது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் என்று முறைகளை மாற்றித் தரவும் சொன்னது.

சட்டம் இருக்கிறது. நிலைமை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர்தான்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும். மூன்று படிகள், ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்றால் உயரம் 45. அப்படியானால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வர வேண்டும். ஆனால் எத்தனை கட்டடங்களில் இரண்டு மீட்டருக்குள் சிமெண்டைக் கொட்டிச் சறுக்குமரம் மாதிரி வைத்திருக்கிறார்கள்! கேட்டால், "சாய்தளம்தான் இருக்கே" என்பார்கள். பெயருக்குச் சேர்ப்பது என்றால் இதுதான். ஒழுங்காகக் கட்டினால் அதே சாய்தளத்தில் வயதானவர் ஏறுவார், கர்ப்பிணி ஏறுவார், ஸ்டோருக்குச் சாமான் தள்ளுகிற டிராலியும் ஏறும். ஒருவருக்காகச் செய்த மாற்றம் எல்லோருக்கும் உதவும்.

தனிப் பள்ளியே தவறா?

அப்படியென்றால் தனிப் பள்ளிகளை எல்லாம் மூடிவிடலாமா என்று கேட்கலாம். அவசரப்படக் கூடாது. காது கேளாதோருக்குச் சைகை மொழி ஒரு முழுமையான மொழி. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூட்டி, சைகை வேண்டாம், வாயால்தான் பேச வைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ எல்லோருமே காது கேட்பவர்கள்! அதன் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி பல பத்தாண்டுகள் ஒடுக்கப்பட்டது. 130 ஆண்டுகள் கழித்து, 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

காது கேளாத ஒரு பிள்ளை தன் மொழியில் கூட்டாளிகளோடு சிரித்துப் பேசிப் படிக்கிற தனிப் பள்ளி, யாரும் பேசாத பொதுப் பள்ளியைவிட மேல் என்று தோன்றலாம். அதனால்தான் 2016 சட்டமும் அக்கம்பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. தானே விரும்பிப் போவது வேறு. போக வேறு இடமில்லாமல் தள்ளப்படுவது வேறு.

நம் வகுப்பில் நடந்தது

இனி அந்தக் காலி இடத்தின் கதை. முதல் வருஷம் என் பக்கத்தில் ஒரு நண்பன் உட்கார்ந்தான். பெயர் வேண்டாம். இரண்டு காதிலும் மெஷின். மெஷின் போட்டால் நம்மைப் போலக் கேட்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. பேச்சோடு சேர்த்து ஃபேன் சத்தம், பெஞ்சு இழுக்கிற சத்தம் எல்லாவற்றையும் அது பெரிதாக்கும். அவன் பாதியை வாய் அசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான். போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடம் நடத்தினால் அவனுக்கு அன்றைக்குப் பாடம் இல்லை.

முதல் பெஞ்சில் இடம் கொடுத்தோம். நோட்டு கொடுத்தோம். பெரிய உதவி செய்ததாக நினைத்துக்கொண்டோம். வகுப்பே சிரிக்கும்போது அவன் என் கையைத் தட்டி, "என்னடா?" என்பான். நான், "ஒண்ணுமில்லடா, அப்புறம் சொல்றேன்" என்பேன். எத்தனை தடவை அப்புறம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு தடவைகூட இல்லை.

மைக்ரோமீட்டர் ரீடிங்கில் வகுப்பிலேயே அவன்தான் முதல். ஆனால் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் கேட்ட கேள்வி அவனுக்கு விளங்கவில்லை. பதில் தெரியாதவன் என்று மார்க் விழுந்தது. அரியர் சேர்ந்தது. நான்காவது செமஸ்டரில் நின்றுவிட்டான்.

என் கதையையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் எல்லாம் இங்கிலீஷ். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரியாமலே தலையை ஆட்டுவேன். ஒரு சார் மட்டும் அந்தத் தலையாட்டலை நம்பாமல் ஒவ்வொரு பாடத்தையும் மறுபடி தமிழில் சொல்வார். அதனால்தான் நான் தேறினேன். எனக்காகத் துளையின் அளவை மாற்றினார்கள். நான் மிஞ்சினேன். அவனுக்காக யாரும் மாற்றவில்லை, நான் உட்பட.

என்ன செய்திருக்கலாம்? போர்டில் எழுதி முடித்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கலாம். வாய்மொழித் தேர்வுக் கேள்விகளை எழுதிக் கொடுக்கச் சொல்லி எல்லோருமாகச் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கலாம். நாங்கள் நாலு பேர் சைகை மொழி கற்றிருக்கலாம். நகைச்சுவையை அப்போதே ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம். எல்லாம் சேர்த்து என்ன செலவு? ஒரு பெட்டி சாக்பீஸ், கொஞ்சம் தாள். அவ்வளவுதான்.

பொங்கல் லீவில் அவனைப் பார்த்தேன். ஒரு லேத் பட்டறையில் வேலை. "ஏன்டா நின்னுட்ட?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். "எல்லாரும் நல்லவங்கதான்டா. ஆனா யாரும் என்னைப் பார்த்துப் பேசல" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

முடிவாக

ஜூனியர் தம்பி தங்கைகளே! அடுத்த ஜூலையில் உங்கள் வகுப்பிலும் யாராவது வருவார்கள். காதில் மெஷினோடு வரலாம், ஊன்றுகோலோடு வரலாம், இங்கிலீஷ் தெரியாமல் வரலாம். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதைப் பேரவை மூலமாகக் கேளுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். வகுப்பு சிரிக்கும்போது "என்ன?" என்று கேட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

என் நண்பனுக்கு இன்னும் அரியர் எழுத வாய்ப்பு இருக்கிறது. இந்த மலரில் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அவனிடம் கொடுக்கப் போகிறேன். அவன் பரீட்சைக்கு வந்தால், வாய்மொழித் தேர்வுக் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுக்கும்படி கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட நீங்களும் வருவீர்கள் என்று நம்புகிறேன்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்