கோடையில் இறால் குஞ்சுகளைக் கொண்டுசெல்லல்: பண்ணையாளர்கள் இப்போது செய்ய வேண்டியவை

பங்குனி, சித்திரை மாதங்களில் மரக்காணம் கடற்கரையின் குஞ்சு பொரிப்பகங்களிலிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிப் பண்ணைகளுக்கு வனாமி இறால் குஞ்சுகளைக் கொண்டுசெல்வோர் முதலில் அஞ்ச வேண்டியது வெப்பத்துக்கே. நீரின் வெப்பம் ஏற ஏறக் குஞ்சின் ஆக்சிஜன் தேவையும் அது கழிவாக வெளியேற்றும் அம்மோனியாவும் கூடுகின்றன. நீரில் கரையும் ஆக்சிஜனோ குறைந்துவிடுகிறது.

ஏற்றுவதற்கு முன்

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவுபெற்ற பொரிப்பகத்திலிருந்து, நோய்க்கிருமியின் மரபுப்பொருளைக் கண்டறியும் பி.சி.ஆர். ஆய்வில் வெண்புள்ளி நோய்க்கிருமி இல்லையென உறுதியான குஞ்சுகளையே வாங்க வேண்டும். குளத்து நீரின் உப்புத்தன்மையைச் சில நாள்களுக்கு முன்பே தெரிவித்துவிட்டால், பொரிப்பகத்திலேயே குஞ்சுகளை அதற்குப் படிப்படியாகப் பழக்கிவிட இயலும். இரட்டைப் பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இரு பங்கு ஆக்சிஜனும் நிரப்பி, நீரை மெல்ல மெல்ல 22 முதல் 24 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து, பயண நேரம் நீள்வதற்கேற்ப லிட்டருக்கு 1000 என்பதிலிருந்து 500 வரை குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கட்ட வேண்டும். நெடும்பயணத்தில் பசியால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னாதிருக்க, ஆர்ட்டீமியா எனும் நுண்ணிய உயிர் உணவைப் பையில் சேர்ப்பது நல்லது.

வழியில்

பைகளைத் தெர்மோகோல் பெட்டிகளில் அடுக்கி, காகிதம் சுற்றிய ஐஸ் பொட்டலங்களைப் பைகளுக்கு வெளியே வைத்து, வெயில் தாழ்ந்தபின் புறப்பட்டு விடியலில் பண்ணையை அடையுமாறு பயணத்தை அமைக்க வேண்டும். குளத்து நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் வேளையும் விடியலே என்பதால், முந்தைய இரவு முழுவதும் ஏரியேட்டர்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

குளக்கரையில்

உயிரோடு வந்த குஞ்சுகள் உயிரோடு நிலைப்பதைத் தீர்மானிப்பது இந்தக் கட்டமே ஆகும். பைகளைத் திறக்காமல் நிழலில் அரை மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, உள்நீரும் குளத்து நீரும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பின்னரே திறக்க வேண்டும். மூடிய பையில் குஞ்சுகளின் மூச்சால் சேரும் கரியமில வாயு நீரின் பி.எச். அளவைத் தாழ்த்தி, அம்மோனியாவை நஞ்சு குறைந்த வடிவத்தில் வைத்திருக்கிறது. பை திறந்ததும் அவ்வாயு வெளியேறி பி.எச். உயர்வதால், அதே அம்மோனியா கொடிய வடிவத்துக்கு மாறுகிறது. எனவே திறந்த பைகளைக் காக்க வைக்காமல், உடனே குளத்து நீரைச் சிறிது சிறிதாகக் கலக்கத் தொடங்கி, உப்புத்தன்மை மாற்றம் மணிக்கு ஆயிரத்தில் 3 பங்கைத் தாண்டாதவாறு குஞ்சுகளைப் பழக்கி விட வேண்டும்.

பயணத்தின் அதிர்ச்சி உடனே வெளிப்படாமல் அடுத்த இரண்டு நாள்களில் இறப்பாகத் தெரியக்கூடும் என்பதால், 100 குஞ்சுகளை எண்ணிக் குளத்தில் கட்டிய ஹாப்பா எனும் வலைக்கூண்டில் விட்டு, 48 மணி நேரம் கழித்து மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வெண்ணிக்கையைக் கொண்டு தீவன அளவைத் திருத்திக்கொண்டால், இல்லாத இறாலுக்கு இட்ட தீவனம் குளத்தின் அடியில் அழுகி, பிழைத்த குஞ்சுகளுக்கும் கேடாவதைத் தவிர்க்கலாம்.