வால்மீனைத் தொட்ட கலம்

பூமியின் கடல்நீர் எங்கிருந்து வந்தது? பனியும் தூசியும் நிறைந்த வால்மீன்கள் மோதியதால் வந்திருக்கலாம் என்று அறிவியலாளர் சிலர் கருதினர். இது போன்ற வினாக்களுக்கு விடை காண, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2004ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் ரொசெட்டா விண்கலத்தை ஏவியது.

பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்த ரொசெட்டா, 2014 ஆகஸ்டு மாதம் 67பி எனும் வால்மீனை அடைந்து அதைச் சுற்றி வந்து ஆராய்ந்தது. நவம்பர் 12ஆம் நாள், ஏறக்குறைய 100 கிலோகிராம் எடையுள்ள ஃபிலே கலத்தை அவ்வால்மீனில் இறக்கியது.

வால்மீனின் ஈர்ப்பு விசை மிகக் குறைவு. எனவே, தரையில் பாய்ந்து கலத்தைப் பிடித்துக்கொள்ள ஈட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஆனால், அவை இயங்கவில்லை. துள்ளி எழுந்த ஃபிலே, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து நிழல் சூழ்ந்த ஓரிடத்தில் நின்றது. அங்கே போதிய சூரிய ஒளி கிடைக்கவில்லை. மின்கலத்தின் ஆற்றல் தீர்வதற்குள், இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், படங்களையும் ஆய்வுத் தகவல்களையும் ரொசெட்டா வழியாகப் பூமிக்கு அனுப்பிவிட்டு ஃபிலே செயலிழந்தது.

ரொசெட்டா தொடர்ந்து ஆராய்ந்தது. 67பி வெளியிட்ட நீராவியில், கன ஹைட்ரஜனின் விகிதம் கடல்நீரில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. ஆகவே, இத்தகைய வால்மீன்கள் மட்டுமே நம் கடல்களை நிரப்பியிருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. உயிர்களின் புரதங்களில் காணப்படும் கிளைசின் என்ற அமினோ அமிலமும் அங்கே கண்டறியப்பட்டது.

2016 செப்டம்பர் 30ஆம் நாள் ரொசெட்டாவும் அதே வால்மீனில் இறங்கித் தன் பணியை முடித்துக்கொண்டது. ஒரு கருத்தை நேரில் சென்று சோதித்து, அது எந்த அளவுக்குப் பொருந்தும் என அறிவதும் அறிவியலின் வெற்றியே ஆகும்.