ஐபிஏ பியர்: மார்க் போடும் முன் தேதியைப் பாருங்கள்

ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பியருக்கு மார்க் போடும் முன் டின்னின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நிரப்பிய தேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இந்த ரகத்தின் உயிரே ஹாப்ஸ் பூவின் மணம். ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் பிசின் என்று மூக்கில் ஏறும் அந்த வாசனை, ஆக்சிஜன் பட்டால் மங்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். மாதக்கணக்கில் புழுங்கிக் கிடந்த டின்னுக்கு இரண்டு மார்க் போட்டால், அது பியருக்கல்ல, கடை அலமாரிக்குப் போட்ட மார்க். கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை, 'பிளைனி தி எல்டர்' பாட்டிலிலேயே இதைச் சேமித்து வைக்காதீர்கள் என்று அச்சடிப்பதும் இதனால்தான். ஆகவே, குடிக்க நல்ல இடம் காய்ச்சும் ஆலையின் சொந்தக் கூடமே. அமெரிக்காவின் சான் டியாகோவிலும் வெர்மான்டிலும் அத்தகைய கூடங்களுக்குப் பஞ்சமில்லை.

இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் இந்தியா வந்த பியர்தானே, பழசானால் என்ன என்று கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டின் அந்தப் பியர் வேறு. நாள்பட நிற்கவே காய்ச்சினார்கள், கசப்பே அதற்குக் காவல். இன்றோ ஹாப்ஸின் பெரும்பங்கு கொதி அடங்கிய பின் மணத்துக்காகவே சேர்கிறது. பழசானால் மணம் போய், கசப்பும் ஈர அட்டைப்பெட்டி வாடையும்தான் மிஞ்சும்.

பனிக்கட்டி போலக் குளிர்ந்திருந்தாலும் மணம் எழாது. 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் போதும். வாய் குறுகிய கிளாஸில் ஊற்றி, முதலில் முகருங்கள். வெர்மான்டின் 'ஹெடி டாப்பர்' ஐபிஏ மட்டும் டின்னிலிருந்தே குடிக்கச் சொல்கிறது. அது அதைக் காய்ச்சுபவர்களின் பிடிவாதம்!