உயிரணுவுள் ஓடும் கடிகாரம்

நாழிகை வட்டிலும் மணிப்பொறியும் தோன்றுமுன்னரே, காலம் காட்டும் கருவியொன்று உயிர்களுக்குள் அமைந்திருந்தது. புளியமரம் இரவில் இலை மூடுவதும், சேவல் விடியுமுன் கூவுவதும் அதன் செயல்களே. பெங்களூரில் முதுகலை அறிவியல் பயிலும் நான், அவ்வுயிர்க் கடிகாரத்தை உயிரணுவிலேயே கண்ணாற் காணும் முறையை நண்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

கடிகாரம் எங்ஙனம் ஓடுகிறது? உயிரணுவிலுள்ள சில மரபணுக்கள் புரதங்களை ஆக்குகின்றன. அப்புரதங்கள் பெருகியதும், தம்மை ஆக்கிய மரபணுக்களையே அடக்கிவிடுகின்றன. புரதங்கள் சிதைந்து குறைந்தபின் மரபணுக்கள் மீண்டும் தொழிற்படும். ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். இதன் நுட்பத்தை ஆராய்ந்தமைக்காக ஹால், ரோஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 2017-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர்.

அதனைக் காண்பது எப்படி? மின்மினியை நாம் அறிவோம். அதன் ஒளிக்குக் காரணம் லூசிபெரேஸ் என்னும் நொதி. அந்நொதியின் மரபணுவை, கடிகார மரபணுவை இயக்கும் பகுதியோடு இணைத்து உயிரணுவுள் செலுத்துவர். லூசிபெரின் என்னும் பொருளையும் ஊட்டுவர். கடிகார மரபணு தொழிற்படும்போது உயிரணு ஒளிரும், அடங்கும்போது மங்கும். விளக்கொளி பாய்ச்ச வேண்டுவதில்லை. ஆதலின் உயிரணுவுக்கு ஊறு குறைவு. அவ்வொளி மிக மெல்லியதாகையால், இருட்டில் குளிரூட்டிய படக்கருவி கொண்டு நாட்கணக்கில் படம் பிடிப்பர்.

இம்முறை ஓர் ஐயத்தைத் தீர்த்தது. கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக் கூட்டத்தின் தாளம் சில நாட்களில் மங்கிவிடும். கடிகாரங்கள் நின்றனவோ? 2004-இல் எலியின் உயிரணுக்களைத் தனித்தனியே படம் பிடித்தபோது உண்மை புலனாயிற்று. கடிகாரங்கள் நிற்கவில்லை; ஒன்றோடொன்று இசையாமல் ஓடின. கும்மியடிப்போர் ஆளுக்கொரு தாளத்தில் கைகொட்டினால் இரைச்சல்தானே எஞ்சும்!

முழு உயிர்க்கும் இசைவு வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் உடன் ஆய்ந்தோரும் இதனை 1981-இல் வௌவால்களிடம் காட்டினர். இருண்ட குகையில் அடைபட்ட வௌவால், தன் இனத்தார் மாலையில் வெளிச்சென்று மீள்வதை உணர்ந்தே நாளோடு இயைந்தது. துணையற்ற குகையில் அதன் கடிகாரம் விலகி ஓடிற்று. அவ்வறிஞர் பின்னர் நம் பெங்களூரின் ஜக்கூரில், ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றினார்.

நம் உடலில், மூளையின் அடிப்புறத்திலுள்ள சுமார் 20,000 நரம்பணுக்கள் கண்வழி ஒளி பெற்று ஏனைய கடிகாரங்களை இசைவிக்கின்றன. உணவு வேளையோ ஈரலின் கடிகாரத்தைத் திருப்பவல்லது. நள்ளிரவில் உண்டால் மூளை ஒரு நேரமும் ஈரல் வேறு நேரமும் காட்டும்.

தேர்வுக்காக இரவைப் பகலாக்கும் தோழர்களே, காலை வெளிச்சத்தையும் வேளை உணவையும் கைவிடாதீர். ஆனால், இந்நகரில் பிழைப்பிற்காக இரவுப் பணி புரிவோர்க்கு அவ்வுரிமை இல்லை. அத்தகைய அறைத்தோழர் பகலில் உறங்கினால் சோம்பல் என எள்ளாதீர். திரையை இழுத்து, கதவை மெல்லச் சாத்துங்கள். அவருடைய கடிகாரங்கள் இசைவு தேடிக்கொண்டிருக்கின்றன.